ஆப்பிள் என்னைக் கடிக்குது

மார்ச் 3, செவ்வாய்

எழுதி வைத்தால்தான் நாளைக்கு நானே நம்புவேன். இன்று ரேடியோவுக்கு அமைதி நட்சத்திரம் கிடைத்தது.

மதியச் சாப்பாட்டிலும் அதன்பின் தூங்கும் நேரத்திலும் சத்தம் போடாத பிள்ளைக்கு ஒரு தங்க நட்சத்திரம் என்று ஜனவரியில் எங்கள் மழலையர் பள்ளிச் சுவரில் அட்டவணை ஒட்டியது நான்தான். பதினொரு பிள்ளைகள், பதினொரு வரிசை. மற்ற வரிசைகள் மினுமினுக்க, ரேடியோவின் வரிசை மட்டும் இரண்டு மாதமாக வெறிச்சென்று கிடந்தது. அவளுக்கு நாலு வயது. நாற்பது வயது வரைக்கும் பேச வேண்டியதை இப்போதே பேசி முடித்துவிட வேண்டும் என்று என்ன அவசரமோ. காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். "நிலையம் திறந்தாச்சு" என்பார் சமையலறை அக்கா. அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

இன்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி மெதுவாகச் சாப்பிட்டாள். பேச்சே இல்லை. நட்சத்திரம் ஒட்டும்போது எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

என் பல் இன்றும் முணுமுணுத்தது. மேல்வரிசை, இடது கடைசி. கிராம்பு அடக்கிக்கொண்டேன். "டாக்டர்கிட்ட போறியா, இல்ல கிராம்புத் தோட்டம் வாங்கணுமா?" என்கிறார் இவர். லீவில் போகலாம் என்றேன். போன லீவிலும் இதையேதான் சொன்னேன். பயம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

மார்ச் 4, புதன்

ரேடியோவுக்கு இரண்டாவது நட்சத்திரம்!

மார்ச் 6, வெள்ளி

மூன்றாவது. மாலையில் அவள் அப்பா அழைத்துப்போக வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறார், வேலை முடிந்து சீருடையோடு அப்படியே வருவார். நட்சத்திரத்தைக் காட்டினேன்.

"என் பொண்ணுக்கா? ஆள் மாத்திக் குடுத்துட்டீங்களா டீச்சர்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்டுலயும் இப்படித்தான் இருக்கா. அம்மா ஏக்கம்" என்றார்.

அவள் அம்மா கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாள். கிளம்பிப் போய் ஆறு மாதம் ஆகிறது, திரும்பி வர இன்னும் மூன்று மாதம். பிள்ளையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். பாவம். பையிலிருந்து மூக்கு வைத்த கப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பால். அதை வாயில் வைத்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்து போனாள். எனக்குக் கையாட்டக் கூட இல்லை.

மார்ச் 9, திங்கள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு உண்டு, பெற்றோர் பார்ப்பதற்கு. ரேடியோவின் நோட்டில் இன்று எழுதியது: சாப்பாடு — முழுவதும். தூக்கம் — சரி. மனநிலை — அமைதி. கையெழுத்தும் போட்டேன்.

தூங்கும் அறையில் ஏதோ புளித்த வாடை. யாரோ பாலைக் கொட்டியிருக்கிறார்கள். விரிப்பை எல்லாம் துவைக்கப் போட்டாயிற்று.

மார்ச் 11, புதன்

துவைக்க எடுத்த பிள்ளைகளின் ஏப்ரன்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சமையலறை அக்கா நேராக என்னிடம் வந்தார். "டீச்சர், உங்க ரேடியோ பாக்கெட்டுல ஒரு பழக்கடையே வச்சிருக்கா."

ஆப்பிள் துண்டுகள் ஐந்து, கேரட் இரண்டு, ரொட்டியின் ஓரம் கொஞ்சம். ஆப்பிளில் முன்பல் பட்ட சின்னத் தடம் மட்டும் இருந்தது. தட்டு காலியாகத் திரும்பி வந்த ரகசியம் இதுதான். நான் 'முழுவதும்' என்று எழுதியது பாக்கெட் சாப்பிட்டதை!

மடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஆப்பிள் பிடிக்கலையா கண்ணு?"

"பிடிக்கும்."

"அப்புறம் ஏன் கடிக்கல?"

ரொம்ப நியாயமாகச் சொன்னாள்: "நான் ஆப்பிளைக் கடிக்கல டீச்சர். ஆப்பிள் என்னைக் கடிக்குது."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் பேச்செல்லாம்! பிள்ளைகள் சொல்லும் வேடிக்கைகளை எழுதி ஒட்ட வாசலருகே ஒரு பலகை வைத்திருக்கிறோம், 'இன்றைய முத்து' என்று. நல்ல தடிமனான பேனாவில் எழுதி, பக்கத்தில் பல் முளைத்த ஆப்பிள் ஒன்றும் வரைந்து ஒட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

முத்து பெரிய வெற்றி. பெற்றோர் எல்லாரும் நின்று வாசித்துச் சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார், அவள் அம்மாவுக்கு அனுப்ப போனில் படம் பிடித்தார். ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி

ஐந்தாவது நட்சத்திரம்.

மார்ச் 16, திங்கள்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மதியம் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டில் ஆப்பிள் அப்படியே இருந்தது. "பாரு, டீச்சர் சாப்பிடுறேன். ஆப்பிள் டீச்சரைக் கடிக்குதா பாரு" என்று ஒரு துண்டை வாயில் போட்டேன். விளையாட்டு மும்முரத்தில் என் பல்லை மறந்துவிட்டேன். இடது பக்கம் கடித்ததும் உச்சந்தலை வரைக்கும் சுருக்கென்று இழுத்தது. தலையை வலது பக்கம் சாய்த்தேன், துண்டை நாக்கால் அந்தப் பக்கம் தள்ளினேன், கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். எட்டு மாதமாகச் செய்கிற சங்கதி, யோசிக்காமலே வந்துவிடும்.

நிமிர்ந்தால் ரேடியோ என்னையே பார்க்கிறாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஊர் தெரியாத இடத்தில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி.

"உங்களையும் கடிச்சுதா டீச்சர்?"

அவளும் அதே பக்கம்தான் தலையைச் சாய்த்திருந்தாள்.

அடிப்பாவி. அடிப்பாவி நான்!

வாயைத் திற என்றால் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டாள். டார்ச்சை அவள் கையில் கொடுத்து, நான் தரையில் உட்கார்ந்து முதலில் என் வாயைத் திறந்தேன். நன்றாக நோட்டம் விட்டாள். "உள்ள கருப்பா இருக்கு" என்று அறிவித்தாள். "இப்ப உன் முறை" என்றேன். திறந்தாள்.

கீழே இடது கடைசிப் பல்லில் ஒரு பள்ளம். கருப்பாக, ஒரு பயறே போய் உட்காரும் அளவுக்கு. அதற்கு முன்னால் இருந்த பல்லிலும் பழுப்பு ஏறியிருந்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல் வெள்ளை, அதன்மேல் இரண்டு பழுப்புத் திட்டு. தூங்கும் அறையின் புளித்த வாடை அந்த வாயிலிருந்து வந்தது. நான் விரிப்பைத் துவைத்தேன். பிள்ளையை மோந்து பார்க்கவில்லை.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்று கப்பைத் தள்ளினாள், அடம் என்று நினைத்தேன். தலையணை ஒரு பக்கம் மட்டும் எச்சிலில் ஈரமாக இருக்கும். கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத்தான் படுப்பாள், அதைப் பார்த்து நான் என்ன அழகு என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். போன வாரம் இடது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், காதில் எறும்பா என்று கேட்டேன். வாய் ஓயாத பிள்ளை பேச்சை நிறுத்தினாள். அதற்கு நட்சத்திரம் கொடுத்தேன். ஒன்று இல்லை, ஐந்து.

வலிக்குதுன்னு அவ சொன்னாளே! அவளுக்குத் தெரிஞ்ச பாஷையில தெளிவாத்தானே சொன்னா! நான் அதுக்குப் படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டினேன். வர்றவங்க போறவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவ அப்பன் சிரிச்சான். அம்மாவுக்கு வேற அனுப்பினான். அவ எங்க மூஞ்சியை எல்லாம் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டா.

பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. என் மேல் வந்த கோபத்தை அந்த மனுஷன் மேல் காட்டிவிட்டேன். மாலையில் வாசலில், நாலு பெற்றோர் நிற்கும்போதே, "பல்லு எல்லாம் சொத்தை தம்பி. அந்தக் கப்புல சர்க்கரை போட்ட பாலா? அதோடவே தூங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகம் கல்லாகிவிட்டது.

"பால் பல்லு தானே டீச்சர். விழப்போற பல்லு" என்றார். பிறகு, "ஒண்டியா வளக்கிறவன்னா ஆளாளுக்கு ஒரு கேள்வி" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

வரவில்லை. போன் எடுக்கவில்லை.

மார்ச் 18, புதன்

இன்றும் வரவில்லை. பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க சொன்னது சரிதான். சொன்ன இடம்தான் தப்பு" என்றார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தப் பள்ளம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எவ்வளவு ஆழம் போயிருக்கும்? எத்தனை நாளாக வலிக்கிறதோ? வளர்ந்தவள் நான், ஒரு சுருக்குக்கே கன்னத்தைப் பொத்துகிறேன். அவள் அதோடு வரிசையில் நின்று கை கழுவி, பாட்டுக்குக் கை தட்டி, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நாளைக்கு அவர் ஓட்டும் பேருந்திலேயே ஏறிவிட வேண்டியதுதான்.

மார்ச் 19, வியாழன்

ஏறினேன். மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நாலாவதில் அவரைப் பார்த்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று தலைக்கு மேலேயே எழுதியிருந்தது. கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்படியே கடைசி நிறுத்தம் வரை இருபத்தெட்டு நிறுத்தங்கள். வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. எனக்குத்தான் இன்று நட்சத்திரம் தர வேண்டும்.

எல்லாரும் இறங்கினார்கள். என்ஜினை அணைத்தார், திரும்பவில்லை. "அடுத்த டிரிப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கு. திட்டணும்னா திட்டுங்க" என்றார்.

கிழித்த தாளை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அதை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

"திட்ட வரல தம்பி. என் தப்பைச் சொல்ல வந்தேன். அவ வலிக்குதுன்னு என்கிட்டதான் முதல்ல சொன்னா. இப்படித்தான் சொன்னா. நான் வேடிக்கைன்னு நினைச்சு எழுதி ஒட்டினேன். பேசாம இருந்ததுக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்தேன். அவ சத்தம் போடாம இருந்தது எனக்கு வசதியா இருந்துச்சு."

தாளைப் பிரித்து அந்த ஆப்பிள் படத்தைப் பார்த்தார். பிறகு கப்பைப் பற்றி அவராகவே சொன்னார். அம்மா போன முதல் வாரம் முழுக்க அழுகையாம். பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கையில் கொடுத்தால் அடங்கிவிடுவாளாம். "அழாம இருந்தா போதும்னு இருந்துச்சு டீச்சர். காலையில நாலு மணிக்கு நான் எந்திரிக்கணும்."

"எனக்கும் அதேதான் தம்பி" என்றேன்.

"நேத்துலேர்ந்து கன்னம் வீங்கியிருக்கு. என் அக்கா வீட்டுல விட்டிருக்கேன். சளியா இருக்கும்னு..." ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். அந்த வண்டியிலேயே உட்கார்ந்து பல் டாக்டருக்குப் போன் செய்தேன். வீக்கம் என்றதும், காலையில் முதல் ஆளாக வாருங்கள், அதற்குள் காய்ச்சல் ஏறினாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

மார்ச் 20, வெள்ளி

இடது கன்னம் பந்து மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேண்டியதுதான் எனக்கு.

டாக்டர் சின்னப் பெண். நாற்காலியில் ஏறச் சொல்லவில்லை. அப்பா மடியிலேயே படுக்கவைத்து, தன் முழங்காலில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டார். ரேடியோ வாயைத் திறக்க ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: "டீச்சர் முதல்ல." மூன்று பேர் பார்க்க நான் ஆவென்று திறந்தேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "உங்களுக்குத் தனியா ஒரு நாள் வேணும் போலிருக்கே." சிரித்து மழுப்பினேன்.

வேரில் சீழ். ஈறில் சின்னக் கொப்புளம். மருந்து கொடுத்து வீக்கம் வடிந்ததும் அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டும், முன்னால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். விழப்போற பல் தானே என்று அவள் அப்பா மறுபடி கேட்டார், இந்த முறை கெஞ்சலாக. "கடைவாய்ப் பால் பல்லு விழ பத்து, பதினோரு வயசாகும். அதுவரைக்கும் அவ எதை வச்சு மெல்லுவா?" என்றார் டாக்டர், அதட்டாமல். "இந்த வயசுல பல் வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. சாப்பாடு வேணாம்னு சொல்லும், இல்லேன்னா காதைப் பிடிக்கும். சில பிள்ளைங்க சும்மாவே இருந்துடும்."

சும்மாவே இருந்துடும். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் 25, புதன்

பல்லை எடுத்தாயிற்று. மற்றதுக்கு வெள்ளித் தொப்பி மாதிரி ஓர் உறை. அழுதாளாம், ஆனால் கொஞ்சம்தான். மாலையில் அவள் அப்பாவே போன் செய்தார். "கப்பலுக்குப் போன் போட்டுக் குடுத்தேன் டீச்சர். அவங்கம்மாவுக்கு வெள்ளிப் பல்லைக் காட்டி அரை மணி நேரம் பேசியிருக்கா. அவங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கல."

படுக்கும்போது கப்பில் இப்போது வெறும் தண்ணீர்தானாம். முதல் மூன்று நாள் வீட்டையே இரண்டாக்கினாளாம். "அழுதா அழட்டும்னு பக்கத்துலயே படுத்துக்கிட்டேன்" என்றார். பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து அவரே தேய்த்துவிடுகிறாராம். பேருந்துக் கதை ஒன்று சொன்னால்தான் வாய் திறக்குமாம்.

மார்ச் 30, திங்கள்

காலை எட்டு மணி. செருப்புச் சத்தம். பிறகு மற்ற சத்தம்.

சமையலறை அக்கா கரண்டியோடு ஓடி வந்து நின்றார். "நிலையம் திறந்தாச்சு டீச்சர்!" சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிப் பல்லை எல்லாருக்கும் காட்டினாள். மற்ற பத்துப் பேருக்கும் உடனே வெள்ளிப் பல் வேண்டும். மதியம் ஆப்பிளை எடுத்து, ஒரு கணம் தயங்கி, கடித்தாள். நறுக்கென்று கேட்டது. வாயில் வைத்துக்கொண்டே எனக்குச் சொன்னாள், "கடிக்கல!"

தூங்கும் நேரத்தில் யாரும் தூங்கவில்லை. பேச விட்டேன்.

அமைதி அட்டவணையைக் கழற்றிவிட்டேன். உடனே கேட்டாள், "என் ஸ்டார் எங்க?" அதெல்லாம் இனி இல்லை என்றால் விடுவாளா? ஐந்தையும் பிய்த்து ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

இனி மாதத்தின் முதல் திங்கள் டார்ச் நாள். எல்லாரும் உதட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். இன்று இரண்டு பிள்ளைகளுக்கு ஈறோரம் அந்த வெள்ளைக் கோடு. இந்த அளவிலேயே பார்த்தால் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த முறை பெற்றோரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, உட்காரவைத்துச் சொன்னேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தினமும் காலையில் ரேடியோ என்னைக் கேட்பது: "உங்க ஆப்பிள் இன்னும் கடிக்குதா?" தினமும் நான் சொல்வது: "இல்லையே." இன்று மதியம் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து என் வாயில் வைத்தாள். வலது பக்கம் மென்றேன்.

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்" என்று என் இடது கன்னத்தைத் தொட்டாள்.

தட்டுகளை அடுக்கப் போய்விட்டேன். ஐம்பத்திரண்டு வயது எனக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்றும் கேட்டாள். குனிந்து அவள் காதில் சொன்னேன்: "கடிக்குது. ரொம்பக் கடிக்குது. எனக்குப் போகப் பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு நட்சத்திரத்தைப் பிய்த்து என் புறங்கையில் ஒட்டினாள்.

"இது எதுக்கு?"

"வலிக்குதுன்னு சொன்னீங்கல்ல."

நாளை பத்தரைக்கு டாக்டர். இவரும் கூட வருகிறார். நட்சத்திரத்தில் பசை போய்விட்டது, கஞ்சி தடவி இந்தப் பக்கத்தின் மூலையில் ஒட்டியிருக்கிறேன். ரேடியோவிடம் இன்னும் நாலு மீதம் இருக்கிறது. மதியம் முழுக்க அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.